கடைமடை எலும்பு

அக்கா மகன் வாசலில் நுழையும்போதே கவனித்துவிட்டேன். வலது காலை ஊன்றியதும் சட்டென்று எடுத்துவிடுகிறான். வெயில் நேரத்து மணலில் செருப்பில்லாமல் நடப்பவன் போல. கையில் தஞ்சாவூரில் எடுத்த ஸ்கேன் படங்களின் பெரிய உறை. அதைத் திண்ணையில் வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பழக்கத்தில் சம்மணம் போடப் போனவன், முகம் சுருங்கி, காலைத் தொங்கவிட்டுக்கொண்டான். வயது முப்பத்து மூன்று. லோடு வண்டி ஓட்டுகிறான்.

"மாமா, இடுப்புல பந்து எலும்பு செத்துப்போச்சுங்கிறாங்க. செத்துப்போன எலும்போட நான் எப்படி மாமா பஸ் ஸ்டாண்ட்ல இருந்து நடந்து வந்தேன்?"

பின்னாலேயே வந்த அக்கா எதுவும் கேட்கவில்லை. அவள் கண் என் முகத்திலேயே இருந்தது. அவள் மனத்தில் ஓடிய சொல் புற்றுநோய் என்பது எனக்குத் தெரியும்.

முப்பது வருடம் பிசியோதெரபிஸ்டாக இருந்திருக்கிறேன். இந்த நோயோடு வந்தவர்கள் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். ஆனால் இவ்வளவு சரியான கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு. செத்த எலும்போடு எப்படி நடக்க முடிகிறது என்பதற்கான பதிலில்தான் இந்த நோயின் மொத்தக் கதையும் இருக்கிறது. "டீ வரட்டும் மாப்ள, அவசரமில்லாம பேசுவோம்" என்றேன். முதலில் அக்காவுக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இது புற்றுநோய் இல்லை. கிருமியால் வந்ததும் இல்லை, சீழ் பிடிக்கவும் இல்லை. ஊரில் சிலர் 'எலும்பு அழுகல்' என்பார்கள், அழுகவும் இல்லை. ஓரிடத்துக்குப் போய்ச்சேர வேண்டிய ரத்தம் போய்ச்சேரவில்லை, அவ்வளவுதான். மருத்துவர்கள் அதை 'அவாஸ்குலர் நெக்ரோசிஸ்' என்கிறார்கள், பேச்சில் ஏவிஎன். அக்கா அதன் பிறகுதான் அடுப்படிக்குப் போனாள்.

இடுப்பு மூட்டைப் பள்ளிப் பாடத்தில் பந்துக் கிண்ண மூட்டு என்று படித்திருப்போம். தொடை எலும்பின் மேல்முனையில் நல்ல எலுமிச்சம்பழ அளவுக்கு ஓர் உருண்டை. அது இடுப்பெலும்பில் உள்ள குழிக்குள் உட்கார்ந்து சுழல்கிறது. குந்தி உட்கார்வது, சம்மணம் போடுவது, வரப்பைத் தாண்டுவது, பைக்கில் காலைத் தூக்கிப் போட்டு ஏறுவது எல்லாம் அந்தச் சுழற்சியால்தான். சமதரையில் சாதாரணமாக நடக்கும்போதே உடல் எடையைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு பாரம் அந்தப் பந்தின் மேல் விழுகிறது. இவ்வளவு உழைக்கும் ஓர் எலும்புக்குச் சாப்பாடு தாராளமாகப் போகும் என்றுதானே நினைப்போம்? போவதில்லை.

"வேதாரண்யம் பக்கம் நமக்கு நிலம் இருந்தது நினைவிருக்கா?" என்று கேட்டேன். இருந்தது. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று ரேடியோவில் சொல்வார்கள். அது கல்லணை வந்து, ஆறு ஆறாகப் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாகக் கிளைத்து எங்கள் வயலைத் தொடும்போது நாட்கள் கழிந்திருக்கும். நடுவில் எங்கோ ஒரு மதகு அடைத்துக்கொண்டால் மேல்மடைக்காரனுக்கு ஒன்றும் ஆகாது. அவனுக்கு வேறு வாய்க்கால் இருக்கும். கடைமடைக்கு வேறு வழி கிடையாது; காயும்.

தொடைப் பந்து உடம்பின் கடைமடை. அதற்கு வரும் ரத்தத்தில் பெரும்பகுதி, எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறும் சில மெல்லிய குழாய்கள் வழியாகத்தான் வருகிறது. குழியிலிருந்து பந்துக்கு ஒரு சின்னத் தசைநார் போகும். அதற்குள்ளும் ஒரு குழாய் உண்டு. ஆனால் பெரியவர்களுக்கு அது பெயரளவுக்குத்தான். மற்ற பல உறுப்புகளில் ஒரு குழாய் அடைத்தால் பக்கத்துக் குழாய் கைகொடுக்கும். இங்கே அந்த வசதி மிகக் குறைவு.

டீ வந்தது. அவன் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்: "எனக்கு எதுல மாமா அடைச்சுது?"

அவனுக்கு இரண்டு வருடத்துக்கு முன் உடம்பெல்லாம் கொப்புளமாக ஒரு தோல் நோய் வந்தது. அதற்குப் பல மாதம் அதிக அளவில் ஸ்டீராய்டு கொடுத்துத்தான் காப்பாற்றினார்கள். அது சரியான வைத்தியம். அந்த நேரத்தில் வேறு வழியும் இல்லை. ஆனால் ஸ்டீராய்டு அதிக அளவில் நாள்கணக்கில் உள்ளே போகும்போது, எலும்பு மஜ்ஜையில் இருக்கும் கொழுப்பு அணுக்கள் பருக்கின்றன. எலும்பு மூடிய பெட்டி. உள்ளே எது பருத்தாலும் விரிந்துகொடுக்க இடமில்லை. அழுத்தம் ஏறுகிறது, மெல்லிய குழாய்கள் நசுங்குகின்றன. ரத்தத்தில் மிதக்கும் கொழுப்புத் துளிகளும் சிறு கட்டிகளும் கூடச் சேர்ந்து வழியை அடைக்கலாம். நாள்பட்ட குடி செய்வதும் ஏறக்குறைய இதே வேலையைத்தான். விபத்து இல்லாமல் வரும் ஏவிஎன்னில் ஸ்டீராய்டும் சாராயமும்தான் முதல் இரண்டு காரணங்கள். இரண்டும் இல்லாமலே வருபவர்களும் இருக்கிறார்கள்.

"அப்ப அந்த மாத்திரை குடுத்த டாக்டர் மேலதான் தப்பு" என்று அக்கா உள்ளிருந்து சொன்னாள். இல்லை. அன்று அந்த மாத்திரை இல்லையென்றால் இன்று இவன் இந்தத் திண்ணையில் உட்கார்ந்திருப்பானா என்பதே சந்தேகம். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டுப் பயந்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. கொடுத்த மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். மூட்டுவலிக்கு, மூச்சிரைப்புக்கு, உடம்பு பூசினாற்போல் வருவதற்கு என்று சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரையிலும், பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வரும் பொடியிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். இரண்டே நாளில் வலி பறந்துவிடும். கை ராசி என்று ஊரே கொண்டாடும். வருடக்கணக்கில் அதைச் சாப்பிட்டவர்களுக்குத் தாங்கள் சாப்பிட்டது என்னவென்றே தெரியாது.

2003ல் சார்ஸ் காய்ச்சல் வந்தபோது ஹாங்காங்கிலும் பெய்ஜிங்கிலும் அதிக ஸ்டீராய்டு கொடுத்து உயிர் காப்பாற்றப்பட்டவர்களில் பலருக்குப் பிற்பாடு இடுப்பு மூட்டில் இந்த நோய் வந்தது. அவர்களில் மருத்துவமனை ஊழியர்களும் இருந்தார்கள். கொரோனாவின் இரண்டாவது அலை ஓய்ந்த 2021ல், மும்பை மருத்துவர்கள் கொரோனாவுக்குப் பின் ஏவிஎன் வந்த மூன்று பேரைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். மூவரும் நாற்பது வயதைத் தாண்டாதவர்கள்.

அடைப்புக்கு வேறு வழிகளும் உண்டு. நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் அணுச் சோகை இருப்பது 1952லேயே கண்டறியப்பட்டது; இந்தியாவில் அந்த நோய் முதலில் பதிவானதே அங்குதான். அந்த நோயில் ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்து விறைத்து மெல்லிய குழாய்களை அடைக்கும். அவர்களுக்கு இருபது வயதிலேயே இடுப்புப் பந்து போய்விடலாம். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் எல்பே ஆற்றுக்கு அடியில் சுரங்கப்பாதை தோண்டியபோது, அழுத்திய காற்றில் வேலை செய்த தொழிலாளர்களின் எலும்புகள் இப்படி மடிந்ததை 1911ல் பதிவு செய்தார்கள். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ் கட்டும். குமிழும் ஓர் அடைப்புதான்.

விபத்து தனிக் கதை. பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்தாலோ, பந்து குழியை விட்டு விலகினாலோ, கழுத்தோடு ஒட்டி ஏறும் அந்தக் குழாய்கள் கிழிந்தோ முறுக்கியோ போகும். விலகிய பந்தை 6 மணி நேரத்துக்குள் குழியில் சேர்த்துவிட வேண்டும் என்பது எலும்பு மருத்துவர்களின் கணக்கு. அந்த நேரத்தில் எண்ணெய்க் கட்டுப் போட்டுப் படுக்க வைத்தால், கடைமடைக்கு மதகை நாமே அடைத்த மாதிரி.

இனி அவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

ரத்தம் நின்றால் இரண்டு மூன்று நாளில் எலும்பு அணுக்கள் மடிந்துவிடும். ஆனால் அணுக்கள் கட்டிவைத்த சுண்ணாம்புச் சட்டம் அப்படியே நிற்கும். நம் பக்கத்தில் இடி விழுந்த மொட்டைப் பனையைப் பார்த்திருப்பீர்கள். குருத்து கருகி உயிர் போய்விட்டது. மரம் வருடக்கணக்கில் நிற்கிறது. தூரத்திலிருந்து அடிமரத்தை மட்டும் பார்க்கிறவனுக்கு அது உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. எக்ஸ்ரே அப்படித்தான் பார்க்கிறது. அதற்குத் தெரிவது சுண்ணாம்பு. உயிர் தெரியாது. அதனால்தான் ஆரம்பத்தில் எடுக்கும் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். இவனுக்கும் அப்படித்தான் நடந்தது. முதலில் வலி முழங்காலில் இருந்தது. இடுப்பு மூட்டின் வலியை மூளை முழங்காலின் வலியாக எடுத்துக்கொள்வது சாதாரணம்; இரண்டுக்கும் நரம்புகள் பொது. முழங்கால் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். பிறகு தொடை இடுக்கில் குடைச்சல் வந்தது. இடுப்பு எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. சுளுக்கு என்று நான்கு மாதம் எண்ணெய் தேய்த்தார்கள். ஐந்தாவது மாதம் ஒரு மருத்துவர் இவனைப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, காலை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். அலறிவிட்டான். அவர்தான் எம்ஆர்ஐ எழுதினார். அந்த ஸ்கேனுக்கு மஜ்ஜையின் உயிர் தெரியும்.

செத்த பந்து நிற்கிறது, நடக்கவும் முடிகிறது. பிறகு ஏன் அது சரிகிறது? உடம்பு அதைப் பழுதுபார்க்கத் தொடங்குவதால்தான். இதை முதன்முதலில் படித்தபோது எனக்கே நம்ப முடியவில்லை.

பழைய வீட்டுச் சுவரைப் பிரித்துக் கட்டுகிற கொத்தனார் முதலில் கூரைக்கு முட்டுக் கொடுப்பார். பிறகுதான் செங்கல்லை எடுப்பார். உடம்பிலும் பழுதுபார்க்க இரண்டு கோஷ்டி உண்டு: பழைய எலும்பைக் கரைத்து எடுக்கும் அணுக்கள், புதிதாகக் கட்டும் அணுக்கள். செத்த பகுதியின் ஓரத்திலிருந்து இரண்டும் உள்ளே வருகின்றன. எடுப்பவர்கள் வேகம், கட்டுபவர்கள் நிதானம். முட்டுக் கொடுக்க ஆளில்லை. மேலே இரண்டரை மடங்கு பாரம் ஒவ்வோர் அடிக்கும் வந்து விழுந்துகொண்டே இருக்கிறது. ஓரத்தில் புது எலும்பு கெட்டியாகச் சேரும். அதை ஒட்டி உள்பக்கம் பொக்கையாகும். இப்போதுதான் எக்ஸ்ரேயில் வெள்ளையும் கறுப்புமாகத் திட்டுகள் தெரியும். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது முதல் நிலை என்றால், இது இரண்டாம் நிலை.

அதன் பிறகு ஒருநாள், படி இறங்கும்போதோ மூட்டை தூக்கும்போதோ, பந்தின் மேற்கூரைக்குக் கீழே மெல்லிய விரிசல் விடும். மேலே இருக்கும் குருத்தெலும்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அது ரத்தத்தை நம்பி இல்லை. மூட்டுக்குள் இருக்கும் நீரிலிருந்தே சாப்பாடு எடுத்துக்கொள்ளும். அதனால் மேல்தோல் வழவழப்பாக உயிரோடு இருக்க, அடித்தளம் மட்டும் இறங்கும். நடுவில் விழும் இடைவெளி எக்ஸ்ரேயில் மூன்றாம் பிறை போல ஒரு கறுப்புக் கீற்றாகத் தெரியும். மருத்துவர்கள் அதற்குப் பிறை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பிறை தெரிந்தால் மூன்றாம் நிலை. உருண்டை தட்டையாகத் தொடங்கிவிட்டது. தட்டையான பந்து கிண்ணத்தில் உரசி உரசிக் கிண்ணத்தையும் தேய்த்துவிட்டால் நான்காம் நிலை.

நான்கு நிலையும் எல்லோருக்கும் வந்தே தீரும் என்றில்லை. மடிந்த பகுதி எவ்வளவு, எங்கே என்பதுதான் தீர்மானிக்கிறது. பந்தில் 15 சதவீதத்துக்குக் கீழே என்றால் சின்னது. 30 சதவீதத்துக்கு மேல் என்றால் பெரியது. பாரம் விழும் மேற்பரப்பை விட்டு உட்புறமாக ஒதுங்கிய சின்னப் பகுதி பெரும்பாலும் சரிவதில்லை. வலியே இல்லாமல் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்ட 664 இடுப்புகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2010ல் வெளியிட்டார்கள்; அவற்றில் 394 இடுப்புகள் பின்னால் வலியிலோ சரிவிலோ முடிந்திருந்தன. நூற்றுக்கு 59. வலி இல்லையே என்று விட்டுவிட முடியாது என்பதற்கு இந்த ஓர் எண் போதும்.

உறையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தேன். வலது பக்கம் இரண்டாம் நிலை. உருண்டை உருண்டையாகவே இருக்கிறது. பிறை இல்லை. இடது பக்கமும் சின்னதாக ஒரு கோடு ஓடுகிறது. இடது பக்கத்தில் வலியே இல்லை என்றான். விபத்து இல்லாமல் வரும் ஏவிஎன் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு இடுப்பிலும் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் ஸ்கேன் எடுத்து அனுப்பியிருந்தால் இந்தக் கோடு தெரிந்திருக்காது. எழுதிக் கொடுத்த மருத்துவரை நான் பார்த்ததில்லை; மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

இரண்டாவது டீயின்போது வைத்தியம் பற்றிப் பேசினோம். பந்து உருண்டையாக இருக்கும்வரை அதைக் காப்பாற்றப் பார்க்கலாம். தொடையின் பக்கவாட்டிலிருந்து எலும்புக்குள் துளையிட்டு, செத்த பகுதிவரை போய், அடைபட்ட அழுத்தத்தை வெளியேற்றுவார்கள். புது ரத்தக்குழாய் உள்ளே வர அதுவே வழியாகும். சிலருக்கு அவர்களுடைய இடுப்பெலும்பிலிருந்தே மஜ்ஜை எடுத்து அந்தத் துளையில் செலுத்துவார்கள். துளை போட்ட பின் ஆறு வாரம் அளவுக்குக் கட்டைகளின் உதவியோடுதான் நடக்க வேண்டும். துளையிட்ட எலும்பு அதுவரை பலவீனமாக இருக்கும். சரிந்த பந்தில் இந்தத் துளையால் பெரிய பயன் இல்லை. எலும்பு கரைவதைத் தடுக்கும் அலென்ட்ரோனேட் மாத்திரையைச் சில மருத்துவர்கள் கொடுப்பார்கள். எடுப்பவர்களின் வேகத்தைக் குறைத்துக் கட்டுபவர்களுக்கு அவகாசம் கொடுப்பது அதன் நோக்கம். நோக்கம் சரி, பலன் பற்றி ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. அதை மட்டும் நம்பி மாதங்களைக் கடத்தக் கூடாது.

கைத்தடி பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட மாட்டேன், ஏனென்றால் பத்தில் எட்டுப் பேர் அதைத் தவறான கையில் பிடிக்கிறார்கள். வலது இடுப்பில் வலி என்றால் தடி இடது கையில் இருக்க வேண்டும். எதிர்க்கையில் பிடித்தால்தான் இடுப்புத் தசை இழுக்கும் இழுப்புக் குறைந்து பந்தின் பாரம் இறங்கும். எழுந்து இரண்டடி நடக்கச் சொல்லிக் காட்டினேன். "அட, லேசா இருக்கு மாமா" என்றான்.

பந்து சரிந்துவிட்டால் மாற்று மூட்டு. அதையும் அவனிடம் மறைக்கவில்லை. 1962ல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி, உலோகப் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமுமாக இன்றைய இடுப்பு மாற்று அறுவைக்கு அடித்தளம் போட்டார். மனிதனுக்குச் செய்யும் அறுவைகளில் இவ்வளவு நிம்மதி தருவது மிகக் குறைவு. நான் பயிற்சி கொடுத்தவர்களில் பலர் மறுநாளே எழுந்து நின்று, வருடக்கணக்கில் மறந்திருந்த வலியில்லாத காலடியை வைத்து அழுதிருக்கிறார்கள். அமெரிக்காவில் போ ஜாக்சன் என்ற விளையாட்டு வீரருக்கு 1991 ஜனவரியில் ஒரு ஃபுட்பால் போட்டியில் இடுப்பு விலகி, பந்து மடிந்தது. 1992ல் மூட்டை மாற்றினார்கள். 1993ல் பேஸ்பால் களத்துக்குத் திரும்பி, முதல் முறை மட்டை பிடித்தபோதே ஹோம் ரன் அடித்தார்.

ஆனால் மாற்று மூட்டுக்கும் ஆயுள் உண்டு. 2019ல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, நூற்றில் சுமார் 58 இடுப்புகள் 25 வருடம் தாக்குப்பிடிக்கின்றன. எழுபது வயதுக்காரருக்கு அது தாராளம். முப்பத்து மூன்று வயதுக்காரனுக்குக் கணக்கு வேறு. ஐம்பத்தெட்டு வயதில் இன்னோர் அறுவை, முதலாவதைவிடக் கடினமான அறுவை, காத்திருக்கலாம். அதனால்தான் இளைஞனின் பந்தை அது உருண்டையாக இருக்கும்போதே காப்பாற்றிவிட வேண்டும் என்று இவ்வளவு மன்றாடுகிறோம். மேலை நாடுகளில் இடுப்பு மாற்று அறுவைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் வயதான, மூட்டுத் தேய்ந்தவர்கள். நம் நாட்டில் முப்பதிலும் நாற்பதிலும் இருக்கும் ஏவிஎன்காரர்கள் அந்த வரிசையில் ஏராளம். குடும்பத்துக்குச் சம்பாதிக்கும் வயது அது.

"வண்டி ஓட்டலாமா மாமா?" இதைத்தான் கடைசியில் கேட்டான், ஆரம்பத்திலிருந்தே கேட்க நினைத்தது இதுவாகத்தான் இருக்கும். இப்போதைக்கு வேண்டாம் என்றேன். மூட்டை தூக்குவது கூடவே கூடாது. துளை போட்டு, ஆறு வாரம் கழித்து எக்ஸ்ரே பார்த்து, பிறகு பேசலாம். அந்த வாரங்களில் தொடைத் தசையும் புட்டத் தசையும் இளைக்காமல் இருக்கப் படுத்தபடியே செய்யும் பயிற்சிகளை நான் சொல்லிக்கொடுக்கிறேன். இடது பக்கத்தை என்ன செய்வது என்று அறுவை மருத்துவரிடம் கட்டாயம் கேட்கச் சொன்னேன். அக்கா ஒரு தாளில் எழுதிக்கொண்டாள்.

அவர்கள் ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். தடி இடது கையில் இருந்தது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த நோய்க்காகவாவது ஸ்டீராய்டு சாப்பிட்டிருந்தால், குடிப்பழக்கம் இருந்தால், இடுப்பில் அடிபட்டிருந்தால், அரிவாள் அணுச் சோகை இருந்தால், தொடை இடுக்கிலோ காரணம் தெரியாமல் முழங்காலிலோ சில வாரங்களாக வலி இருந்தால், சம்மணம் போடும்போது பிடித்தால், எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதோடு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். நீங்கள் சாப்பிட்ட மருந்தை மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். எம்ஆர்ஐ தேவையா என்று வாய்விட்டுக் கேளுங்கள். எடுப்பதானால் இரண்டு இடுப்புக்கும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள்.